மடங்காத கத்தி: எஃகு, வாய், பிடி, உறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் கத்திக்குப் பிடி போடுவதும் உறை தைப்பதும் என் பொழுதுபோக்கு. தெரிந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைத் தொகுத்து, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலையே எழுதியிருக்கிறேன். 'மடங்காத கத்தி' என்று நான் சொல்வது ஃபிக்ஸட் பிளேடை. அலகும் பிடிக்குள் போகும் காம்பும் ஒரே எஃகுத் துண்டு. நடுவில் கீல் கிடையாது.

மடக்குக் கத்தி பையில் இருக்கும்போது இது எதற்கு?

கீல்தான் மடக்குக் கத்தியின் பலவீனம். அழுத்தினால் ஆடும், மண்ணும் மீன் செதிலும் உள்ளே போனால் கழுவ முடியாது. தோட்டம், முகாம், மீன், விறகு என்று வேலை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் மடங்காததுதான் வசதி. கடிதம் பிரிக்கவும் பழம் நறுக்கவும் மட்டும் என்றால் தேவையே இல்லை.

முதல் கத்தி வாங்கப் போகிறேன். எந்த எஃகு நல்லது?

இதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. மூன்று விஷயங்களைத் திருப்பிக் கேட்பேன். எதை வெட்டப் போகிறீர்கள்? கத்தி எங்கே இருக்கும், கடலோரமா, மலையா, சமையலறையா? மழுங்கினால் நீங்களே தீட்டுவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு 'தீட்டத் தெரியாது' என்று பதில் வந்தால், விலை உயர்ந்த எஃகு அவருக்கு வீண். அது மெதுவாக மழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லில் சுலபமாக ஏறாது. முதல் கத்திக்கு நான் கைகாட்டுவது ஸ்வீடனின் மோரா ஊரில் செய்யும் கம்பேனியன் மாதிரிக் கத்தி. துருப்பிடிக்காத வகை, அலகு 2.5 மில்லிமீட்டர் தடிமன். மலிவு. அதில் ஒரு வருடம் தீட்டப் பழகிவிட்டு அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.

எஃகுக்கு எஃகு அப்படி என்ன வித்தியாசம்? எல்லாம் இரும்புதானே?

எல்லாவற்றிலும் இரும்புதான் பெரும்பகுதி. மீதியில் கலந்திருப்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கிறது. கத்தி செய்பவர்கள் பார்ப்பது மூன்று குணங்கள்: கூர் எவ்வளவு நேரம் நிற்கும், அடி வாங்கினால் உடையாமல் தாங்குமா, துரு ஏறாமல் இருக்குமா. ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் இன்னொன்று குறையும்.

இதற்குக் காரணம் கார்பைடு. கரி, குரோமியம், வனேடியம் போன்றவை எஃகுக்குள் சேர்ந்து மிகக் கடினமான நுண்துகள்களாக நிற்கும். சிமெண்டுக்குள் ஜல்லி மாதிரி. ஜல்லி நிறைய இருந்தால் தேய்மானம் குறைவு, கூர் நிற்கும். ஆனால் அந்த ஜல்லியின் ஓரத்தில்தான் விரிசலும் தொடங்கும். துகள் பெரிதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் உருகிய எஃகைத் தூளாகச் சிதறடித்து, அந்தத் தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்து மறுபடி கட்டியாக்கும் முறை வந்தது. சிபிஎம் என்ற முன்னொட்டோடு விற்கப்படுபவை அப்படிச் செய்தவை. அவற்றில் துகள்கள் சிறியவை, சீராகப் பரவியவை.

1095, டி2, 14சி28என், 3வி, மேக்னாகட்... இதில் எது எதற்கு?

1095இல் கிட்டத்தட்ட 0.95 விழுக்காடு கரி, கொஞ்சம் மாங்கனீசு, மற்றபடி இரும்பு. எளிமையான எஃகு, கல்லில் வைத்தவுடன் கூர் ஏறும். அமெரிக்க மரைன் படைக்கு இரண்டாம் உலகப் போரில் போன கா-பார் கத்தியின் இன்றைய வடிவமும் 1095 குடும்பத்து எஃகில்தான் வருகிறது. துடைக்காமல் வைத்தால் மறுநாளே செம்புள்ளி தெரியும்.

5160 இதைவிடக் கரி குறைந்தது, சுமார் 0.6 விழுக்காடு. வண்டிகளின் பட்டை ஸ்பிரிங்குக்கான எஃகு. கூர் நிற்பதில் சுமார்தான், ஆனால் ஓங்கி வெட்டினாலும் உடையாது. நீளமான வெட்டுக்கத்திக்கு நான் இதைத்தான் கேட்பேன். 52100 பேரிங் எஃகு. நம் ஊர்க் கடைகளில் ஈஎன்31 என்று கேட்டால் கிட்டத்தட்ட இதுதான் கிடைக்கும். சின்னக் கத்திக்கு அருமையான எஃகு, ஏனோ பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

டி2 அச்சுப் பட்டறைகளின் எஃகு. 1.5 விழுக்காடு கரி, 12 விழுக்காடு அளவுக்குக் குரோமியம். 'இவ்வளவு குரோமியம் இருக்கிறதே, துருவே பிடிக்காது' என்று விற்பார்கள். பிடிக்கும். குரோமியத்தில் பெரும்பங்கு கரியோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடுகிறது. துருவைத் தடுக்க வேண்டுமானால் அது இரும்போடு கரைந்து நிற்க வேண்டும். டி2வில் கரைந்து நிற்பது குறைவு. கூர் நன்றாக நிற்கும், ஆனால் கொட்டாங்கச்சியில் பட்டால் வாய், அதாவது கூரான ஓரம், பொரிந்துவிடும். என் முதல் டி2 கத்தி ஒரே தேங்காயில் நான்கு பல் விழுந்து நின்றது.

இந்த டி2 கதைக்கு நேர்மாறு மேக்னாகட். லாரின் தாமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர் வடிவமைத்தது, 2021இல் வெளிவந்தது. இதில் குரோமியம் 10.7 விழுக்காடுதான், டி2வைவிடக் குறைவு. ஆனாலும் துருவை மிக நன்றாகத் தாங்குகிறது. குரோமியம் கார்பைடாகப் போகாதபடி கரி, வனேடியம், நியோபியம், நைட்ரஜன் எல்லாவற்றின் அளவையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கார்பைடு ஆவது வனேடியமும் நியோபியமும்தான். குரோமியம் கரைந்து நின்று தன் வேலையைப் பார்க்கிறது. மூன்று குணங்களையும் ஓரளவு சேர்த்துக் கொடுக்கும் எஃகு என்று இதைத் தயங்காமல் சொல்வேன். விலைதான் கடிக்கும்.

சிபிஎம் 3வி அடி தாங்குவதற்கென்றே செய்தது. 7.5 விழுக்காடு குரோமியம்தான், எனவே துரு ஏறும். விறகு பிளக்கிற ஆளுக்கு இது. 14சி28என் ஸ்வீடன் எஃகு: 0.62 விழுக்காடு கரி, 14 விழுக்காடு குரோமியம், துளி நைட்ரஜன். துகள்கள் மிக நுண்மையானவை, அதனால் சவரக்கத்தி போலக் கூர் ஏறும், உடையாது, துருவும் லேசில் வராது. கூர் நிற்கும் நேரம் மட்டும் நடுத்தரம். சமையலுக்கும் முகாமுக்கும் ஒரே கத்தி என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், இதன் விலையில் இதற்குப் போட்டி குறைவு.

எச்ஆர்சி 58, எச்ஆர்சி 62 என்று போட்டிருக்கிறதே, எண் கூடினால் நல்லதா?

அது ராக்வெல் சி அளவுகோல். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ பாரத்தில் எஃகில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எண் கூடினால் கடினம் கூடும், வாய் மடங்காது. ஆனால் அடி தாங்கும் குணம் குறையும். நீள வெட்டுக்கத்தி 55–57இல் இருந்தால் போதும், சின்ன நறுக்குக் கத்தி 60க்கு மேல் போகலாம். ஒரே எஃகின் இரண்டு கத்திகளை ஒப்பிடத்தான் இந்த எண் உதவும். வேறு வேறு எஃகுகளை இதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குப் போவோம்.

இரண்டும் ஒரே எஃகு என்கிறார்கள். ஒன்று நிற்கிறது, இன்னொன்று இரண்டு நாளில் மழுங்குகிறது. ஏன்?

தோய்ச்சல். நம் கொல்லர்கள் சொல்லும் அந்த ஒரே சொல்லில் பதில் இருக்கிறது. எஃகைச் சரியான சூட்டுக்குக் கொண்டுபோய், சரியான வேகத்தில் ஆற்றி, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். 1095 என்றால் சுமார் 800 பாகை செல்சியஸ், வேகமாக ஆற்றும் எண்ணெய், அப்புறம் 200 பாகையை ஒட்டிப் பதம். இதில் ஒன்று பிசகினாலும் எஃகின் பெயரால் பயனில்லை.

அமெரிக்காவின் பக் நிறுவனத்துக் கத்திகளைப் பாருங்கள். அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 420எச்சி என்ற சாதாரண, மலிவான எஃகு. பால் போஸ் என்ற பதக்காரர் அமைத்த முறையில் அதை 58 வரை கொண்டுபோகிறார்கள். அந்த 119 மாதிரி வேட்டைக் கத்தியைத் தலைமுறை தலைமுறையாக வாங்குகிறார்கள். மோசமாகத் தோய்த்த உயர்ந்த எஃகைவிட நன்றாகத் தோய்த்த 420எச்சி மேல். எனவே எஃகின் பெயரைக் கேட்ட கையோடு 'யார் பதம் போட்டது, எச்ஆர்சி எவ்வளவு' என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடலாம்.

நான் இருப்பது கடலோரம். எதுவும் துருப்பிடிக்கிறது.

உப்புக்காற்றில் 1095, 5160, 3வி எல்லாம் தினசரிக் கவனிப்பு கேட்கும். கழுவி, உடனே துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சமையலுக்குப் போகாத கத்தி என்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஆகும், நாளானால் சிக்குப் பிடிக்கும். இந்த வம்பே வேண்டாம் என்றால் 14சி28என் அல்லது மேக்னாகட். மீன்பிடிக்கப் படகில் போகிறவர் என்றால் எல்சி200என் என்று ஒன்று இருக்கிறது, கரிக்குப் பதில் நைட்ரஜனை நம்பிச் செய்தது. உப்புத் தண்ணீரை அலட்சியமாகத் தாங்கும்.

தடிமனான அலகுதானே பலம்?

பலம்தான், ஆனால் வெட்டாது. புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அலகின் முதுகு 5 மில்லிமீட்டர் இருந்தால் கையில் கம்பீரமாக இருக்கும். கேரட்டை நறுக்கப் போனால் நறுக்காது, பிளக்கும். ஸ்வீடன் விமானப்படையினருக்குத் தரப்பட்ட ஃபால்க்னிவன் எஃப்1 கத்தி 4.5 மில்லிமீட்டர். அது விமானம் விழுந்தால் உயிர் பிழைப்பதற்கான கத்தி, அதற்கு அந்தத் தடிமனில் நியாயம் இருக்கிறது. நமக்கு எந்த விமானம் விழப்போகிறது? 2.5 முதல் 3.5 மில்லிமீட்டருக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

முதுகைவிட முக்கியம், வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது. அப்புறம் வாயின் கோணம். பக்கத்துக்கு 20 பாகை என்பதை 15 ஆக்கிப் பாருங்கள், எஃகையே மாற்றியதுபோல இருக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வாயிலிருந்து முதுகு வரை 30 மில்லிமீட்டர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 8 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறக்குறைய 15 பாகை, 10 மில்லிமீட்டர் தூக்கினால் 20. எலும்பு, கொட்டாங்கச்சி, விறகு என்றால் 20இலேயே விட்டுவிடுங்கள்.

வனேடியம் அதிகமுள்ள எஃகுகளுக்கு வைரத் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வனேடியம் கார்பைடு சாதாரணத் தீட்டுக்கல்லின் துகளைவிடக் கடினம்.

லாரிப் பட்டையில் அடித்த கத்தி நல்லதா?

நல்ல கொல்லர் கையில் மிக நல்லது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வந்தது சும்மா இல்லை. பட்டை ஸ்பிரிங் எஃகின் இயல்பே அடி தாங்குவது. வாய்ப் பக்கத்தை மட்டும் தோய்த்து முதுகை மென்மையாக விட்டால் இன்னும் உறுதி.

சிக்கல் என்னவென்றால், பழைய பட்டையில் எந்தக் கலவை என்று எழுதியிருக்காது. சிலிக்கான் கலந்ததும் இருக்கும், குரோமியம்-வனேடியம் கலந்ததும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தோய்க்கும் சூடு வேறு. பல வருடம் லாரிக்கு அடியில் குலுங்கியதில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். கொல்லர் நிறத்தையும் அனுபவத்தையும் வைத்துப் பதம் பார்ப்பார். வழக்கமாகப் பட்டையில் வேலை செய்பவரிடம் அரிவாளோ வெட்டுக்கத்தியோ கேளுங்கள், கண்ணை மூடி வாங்கலாம். அவரிடமே போய் மெல்லிய மீன் கத்தி கேட்டால் இருவருக்கும் வருத்தம்தான் மிஞ்சும்.

டமாஸ்கஸ் கத்தி வாங்கலாமா? அலை அலையாக அழகாக இருக்கிறதே.

அழகுக்காக என்றால் வாங்கலாம். இன்று அந்தப் பெயரில் விற்பது இரண்டு எஃகுகளை அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் நனைத்துக் கோடு தெரியவைத்தது. 1095உம் நிக்கல் கலந்த 15என்20உம் வழக்கமான ஜோடி. நிக்கல் உள்ள அடுக்கு கறுக்காமல் வெள்ளையாகத் தெரியும். பழைய டமாஸ்கஸ் வாள்களின் அலை வேறு. அது தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மண்பாத்திரத்தில் உருக்கி அனுப்பப்பட்ட கட்டியில் தானாக விளைந்தது. அயலார் 'வூட்ஸ்' என்று திரித்தது நம் பக்கத்து உருக்கைத்தான். மலிவு விலையில் 'கையால் அடித்த டமாஸ்கஸ்' என்று எஃகின் பெயரே சொல்லாமல் வருவதை நான் தொடமாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

வாங்கிய கத்தியில் நானே எதை மாற்றலாம்?

முதலில் வாய். கோணத்தை உங்கள் வேலைக்கு மாற்றுங்கள், செலவு இல்லை. இரண்டாவது முதுகு. முதுகின் ஓரத்தை அரத்தால் நேராக 90 பாகைக்கு ராவினால், தீக்கம்பியை உரசிப் பொறி எடுக்கலாம், மரப்பட்டை சுரண்டலாம். பிடியை ஒட்டிக் கட்டைவிரல் படும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் அரைமணி நேரத்தில் விரல் கன்றிவிடும்.

கரி எஃகில் செயற்கைக் கறை ஏற்றுவது சிலருக்குப் பிடிக்கும். வினிகரிலோ கடுங்காப்பியிலோ ஊறவைத்தால் சாம்பல் நிறம் வரும், செந்துரு சற்றுத் தாமதமாகும். நான் ஊறவைப்பதில்லை. நாலு வாழைப்பூ ஆய்ந்தால் தானாகவே கறுத்துவிடுகிறது, வேலையும் முடிகிறது.

பிடியை மாற்ற வேண்டும். என்ன பொருள்?

மோரா கம்பேனியனில் பிடி பிளாஸ்டிக்கில் வார்த்தது, கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதைவிட அதே நிறுவனம் விற்கும் பிடியில்லாத அலகை வாங்குவது சுலபம்.

மரம் என்றால் நன்றாக உலர்ந்த புளி, கருவேலம், கருங்காலி. தேக்கு வேலைக்குச் சுலபம், ஆனால் மென்மை, அடிபட்டால் பள்ளம் விழும். எந்த மரமும் மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும், கோடையில் சுருங்கும். அந்தக் கவலை இல்லாதது மைகார்ட்டா, அதாவது துணி அடுக்கைப் பிசினில் இறுக்கியது. இறக்குமதி வேண்டாம். மின்சாமான் கடையில் ஹைலம் ஷீட் என்று கேளுங்கள், துணி வகையா என்று பார்த்து வாங்குங்கள். ஈரக்கையில் வழுக்காது. ஜி10 கண்ணாடி இழை. உறுதி, ஆனால் ராவும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி போட்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும்.

மான்கொம்பு கேட்டு வருபவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்குவீர்கள். மாட்டுக்கொம்பு இருக்கிறது, அதுவே அழகு.

ஒட்ட அரால்டைட் போதும், அவசரமாக இறுகும் வகை வேண்டாம். காம்பையும் அதன் இருபக்கமும் ஒட்டும் பிடிப் பலகையையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பித்தளைக் கம்பியை ஆணியாகக் கொடுங்கள். கிளாம்பை முழுப் பலத்தில் முறுக்கினால் பசையெல்லாம் வெளியே வந்துவிடும், உள்ளே ஒட்ட ஒன்றும் இருக்காது. நான் போட்ட முதல் பிடி இப்படித்தான் ஆறாம் மாதம் கையோடு வந்தது.

கிரைண்டரில் பிடித்தபோது வாய் நீலமாகிவிட்டது. பிரச்சினையா?

கரி எஃகு என்றால் ஆமாம். வைக்கோல் நிறம் 210 பாகைக்குப் பக்கத்தில் வரும், நீலம் 300ஐ ஒட்டி. போட்ட பதம் அந்த இடத்தில் போய்விட்டது. நீலமான பகுதி முழுவதையும் கல்லில் தேய்த்து எடுத்தால்தான் கூர் நிற்கும். அடுத்தமுறை கையுறை இல்லாமல் பிடியுங்கள், விரல் சுட்டால் தண்ணீரில் முக்குங்கள்.

உறை தோலா, பிளாஸ்டிக்கா?

ஈரத்தில் வேலை செய்தால் கைடெக்ஸ். சூடாக்கி அலகின்மேல் அழுத்தினால் அந்த வடிவத்திலேயே நிற்கும் பிளாஸ்டிக், கழுவலாம். தோல் என்றால் குரோமில் பதனிட்டதைத் தவிர்க்கவும், அதில் மிஞ்சும் உப்பு அலகை அரிக்கும். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் உறைக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் பதனிடும் வழக்கம் பழையது. எந்தத் தோலானாலும் கத்தியை மாதக்கணக்கில் அதற்குள் போட்டு வைக்காதீர்கள்.

சொல்லிச் செய்ய வேண்டுமென்றால் செய்பவரிடம் என்ன சொல்வது?

வேலையைச் சொல்லுங்கள். அப்புறம் அலகு நீளம், முதுகுத் தடிமன், எஃகு, எச்ஆர்சி, காம்பு பிடியின் முழு நீளத்துக்கும் போக வேண்டுமா என்பது, பிடிப் பொருள். உள்ளங்கை அகலத்தை அளந்து கொடுங்கள். முடிந்தால் அட்டையில் வெட்டி, பிடித்துப் பார்த்து, அந்த அட்டையையே அனுப்புங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது தெளிவு.

வைத்திருப்பது சட்டப்படி சரியா?

இந்தியாவில் ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகுள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் வேலைக்கென வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. 4 அங்குல முகாம் கத்தி அந்த அளவுக்குள் அடங்கும், ஆனாலும் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். இருபக்கமும் வாயுள்ள குத்துவாள் வடிவத்தைக் கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம். பிரிட்டனில் இருப்பவர்கள் இன்னும் கவனம்: பொது இடத்தில் மடங்காத கத்தி எந்த நீளமானாலும் தகுந்த காரணம் வேண்டும். விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்கில் போடும் பெட்டியில்தான்.

நான் இடதுகைக்காரன். தனிக் கத்தி வேண்டுமா?

வேண்டாம். இருபக்கமும் சமமாகத் தீட்டிய கத்தி எந்தக் கைக்கும் ஒன்றுதான். உறையை மட்டும் இடது இடுப்புக்குத் தைக்கச் சொல்லுங்கள்.